மாஸ்ரர் சாப்பிடேல்லை

புதன்கிழமை மாலை ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு மாஸ்ரர் எலியை விழுங்கி முடித்தார். ஏழு பத்துக்கு நியூகாசிலிலிருந்து மகள் ஜதுர்ஷிகா போன் எடுத்தாள்.

"அப்பா, சாப்பிட்டுதா?"

"ஓம்."

"ஃபுல்லா?"

"ஓம்."

"நைஸ். ஓகே அப்பா, பை."

இராஜேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பதினொரு விநாடி. அவர் இருபத்தாறு வருடம் ஓட்டிய லண்டன் பஸ்ஸின் கதவு திறந்து மூடவே அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

எதிரே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாஸ்ரர் வாயை ஒருதரம் கோணி, தாடையைச் சரிசெய்துகொண்டு சுருண்டு படுத்தார். நான்கடி நீளம். கறுப்பு உடம்பில் தேன் நிறத் திட்டுகள். வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லாத முகம்.

"ஒரு நாளைக்குப் பசியாக் கிடந்தா என்ன குறைஞ்சு போயிடும், மாஸ்ரர்?" என்றார் இராஜேந்திரன்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளைக்கு, முந்திய புதன்கிழமை, புது இடம் என்ற கூச்சத்தில், மாஸ்ரர் எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்கு மகள் நாற்பத்து மூன்று நிமிடம் கதைத்தாள். இராஜேந்திரனோடு! நேரடியாக! ஒரு தடவைகூட அம்மாவைத் தேடாமல்!

இதன் அருமை விளங்க வேண்டுமென்றால் தமிழ் அப்பாமாரின் போன் முறை தெரிந்திருக்க வேண்டும். இல்ஃபோர்டிலிருந்து ஹவுன்ஸ்லோ வரைக்கும் அவர்களுக்குப் பிள்ளைகளிடம் கேட்க ஒரேயொரு கேள்விதான் உண்டு. "சாப்பிட்டியா?" பதில் "ஓம்" என்றால், "சரி, அம்மாட்டக் குடுக்கிறன்." பதில் "இல்லை" என்றாலும், "சரி, அம்மாட்டக் குடுக்கிறன்." மிச்சத்தை அம்மா பார்த்துக்கொள்வார்.

இந்தக் கலையில் இராஜேந்திரன் மற்றவர்களைவிட ஒருபடி மேல். 'பஸ் ஓடும்போது ஓட்டுநரோடு பேச வேண்டாம்' என்ற அறிவித்தலுக்குக் கீழே இருபத்தாறு வருடம் இருந்தவர். ஜனவரியில் ஓய்வு பெற்றபோது அந்த அறிவித்தலையும் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று மனைவி சிவமலர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகள் மீது அன்பில்லை என்று அர்த்தமில்லை. முதல் கேள்விக்குப் பிறகு இரண்டாவது கேள்வி ஒன்றைத் தேடுவார். சட்டைப்பையில் தேடுவதுபோல மனமெல்லாம் தடவிப் பார்ப்பார். ஒன்றும் அகப்படாது. போன் அம்மாவின் கைக்குப் போய்விடும்.

மாஸ்ரர் அந்த வீட்டுக்கு வந்ததும் ஒரு வாக்கினால்தான். "மெடிசின் கிடைச்சா நீ எது கேட்டாலும் வாங்கித் தாறன்" என்று மகளுக்கு இராஜேந்திரன் சொல்லியிருந்தார். கார் கேட்பாள் என்பது அவருடைய கணக்கு. நிறம்கூட மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்தார். ஓகஸ்டில் றிசல்ட் வந்தது. இடம் கிடைத்தது. "என்ன வேணும் பிள்ளை?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றன் அப்பா."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

"ஒரு பைதன்."

சிவமலர் இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடியே கதிரையில் இருந்துவிட்டார். எழும்ப அரை மணித்தியாலம் பிடித்தது. இராஜேந்திரன் வாக்குத் தவறாதவர். "சரி" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், "அம்மாட்டக் கேள்" என்றார்.

பல்கலைக்கழக விடுதியில் பாம்புக்கு அனுமதி இல்லை என்று செப்டெம்பரில் தெரியவந்தது. மகள் ஐந்து பக்கப் பராமரிப்புக் குறிப்பை அச்செடுத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு சூட்கேசோடு ரயிலேறிப் போய்விட்டாள்.

கூண்டைக் கொண்டுவந்து பொருத்தியவர் கௌசிக். கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயது. பத்து வருடம் ஏதோ ஒரு வங்கியில் கணினி வேலை பார்த்துவிட்டு, "மனுசங்களுக்கு இதுங்க எவ்வளவோ பரவாயில்ல சார்" என்று அதை உதறி, இல்ஃபோர்டில் வளர்ப்புப் பிராணிக் கடை போட்டவர். ஒற்றைக் கட்டில் அளவுக்கு ஒரு மரப்பெட்டியை முன் அறைக்குள் இறக்கினார்.

"ரொம்ப சிம்பிள் சார். ஒரு பக்கம் சூடு, முப்பத்திரண்டு டிகிரி. இந்தப் பக்கம் இருபத்தஞ்சு. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒவ்வொரு பிளாஸ்டிக் குகை. ஒரு தண்ணிக் கிண்ணம். அவ்வளவுதான்."

கையில் கரண்டியோடு குசினி வாசலில் நின்றபடி, முன் அறைக்குள் ஒரு கால்விரல்கூட வைக்காமல், சிவமலர் கேட்டார்.

"சூட்டுப் பக்கம் எந்தத் திசை?"

கௌசிக் போனில் திசைகாட்டியைத் திறந்தார். "வடமேற்கும்மா."

"ஏலாது. தென்கிழக்குத்தான் அக்கினி மூலை. நெருப்பு அங்கதான் இருக்கோணும்."

"இது நெருப்பு இல்லம்மா, ஹீட் பேனல்."

"கரண்டும் அக்கினிதான் தம்பி."

தென்கிழக்கில் பிளக் பொயின்ற் இல்லை. கண்ணாடி அலுமாரிதான் இருந்தது. அதற்குள் மகளின் பரதநாட்டியக் கேடயங்கள் எழுபத்திரண்டும், யாரும் ஒருநாளும் தேநீர் குடித்தறியாத பீங்கான் கோப்பைகளும் இருந்தன. அலுமாரி நடைபாதைக்குப் போனது. நடைபாதையில் இருந்த சப்பாத்துத் தட்டு மாடிக்குப் போனது. சோபா ஒன்று தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனது. நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு பாம்புக்கு வாஸ்து சரிவந்தது. மனிதருக்கு இருக்க இடம் இல்லாமல் போனது.

சாப்பாட்டு ஒழுங்கும் திருத்தப்பட்டது. மகளின் குறிப்பில் 'இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை' என்று இருந்தது.

"செவ்வாய், வெள்ளி இந்த வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. ஆருக்கும் இல்லை," என்றார் சிவமலர். அதனால் புதன். எலிகளுக்கென்று தோட்டத்துக் கொட்டிலில் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர். காலையில் எலியை எடுத்து இளக விட்டு, மாலையில் சுடுதண்ணீரில் போட்டு உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். விழுங்கியபின் இரண்டு நாளைக்கு ஆளைத் தொடக் கூடாது.

பெயர் விஷயத்திலும் கொஞ்சம் சிக்கல். மகள் வைத்த பெயர் 'மோச்சி'. அறுபது வயது மனிதர் ஒரு பாம்பைப் பார்த்து மோச்சி என்று கூப்பிட முடியாது. யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கணக்குப் படிப்பித்தவர் வகுப்பு மூலையில் அசையாமல் இருந்து, கண் வெட்டாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அதே பார்வை. ஆகவே மாஸ்ரர்.

அந்தப் பதினொரு விநாடிக்குப் பிந்திய இரண்டு கிழமையும் இராஜேந்திரனுக்கு இரண்டு வருடமாகப் போனது. அடுத்த புதன்கிழமை இடுக்கியில் எலியை நீட்டினார். மாஸ்ரர் இடுக்கியையும் சேர்த்து விழுங்கப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் எலி இல்லை.

போன் அடித்தது.

"அப்பா, சாப்பிட்டுதா?"

இருபத்தாறு வருடத்தில் ஒரு சிவப்பு விளக்கைக்கூட மீறாத மனிதர் வாயைத் திறந்தார்.

"இல்லை பிள்ளை. சாப்பிடேல்லை."

"ஐயோ! ஏன்?"

அது ஐம்பத்தொரு நிமிடம் போனது.

மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும் எடுத்தாள். வெப்பநிலை எத்தனை? ஈரப்பதம் எத்தனை? மூன்று பக்கமும் கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கோ. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுங்கோ. ரேடியோவைக் குறையுங்கோ. சிவமலர் பின்னால் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"போனைத் தாங்கோ."

"பொறும். இன்னும் ஈரப்பதம் கதைச்சு முடியேல்லை."

"பதினெட்டு வருசம் நான் கதைச்ச பிள்ளை அது!"

"நீர் பதினெட்டு வருசம் கதைச்சிட்டீர்தானே?"

இரண்டாவது கிழமை, ஈரப்பதம் முடிந்து பேச்சு நின்றுபோன ஒரு கணத்தில், இராஜேந்திரன் பயந்துபோய் வாயில் வந்ததைக் கேட்டார். "உன்ர அறையில சூடு காணுமோ, குளிரேல்லையோ?"

"ம்ம், ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யுது அப்பா."

"ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. நல்லது. மறைஞ்சிருக்க ஒரு இடம் இருக்கோ?"

"அப்பா! நான் பைதன் இல்லை!"

அவள் சிரித்தாள். வயிறு பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பை இராஜேந்திரன் அதுவரை சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறார். தன்னுடைய வாயால் வரவழைத்தது அதுதான் முதல்தடவை. அன்றிரவு அவர் பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் பஸ் நேர அட்டவணைபோல எழுதி வைத்தார். ஏழு பத்து, வெப்பநிலை. ஏழு பதினைந்து, மாஸ்ரரின் தோல். ஏழு இருபது, பிள்ளையின் அறை. ஏழு இருபத்தைந்து, பிணம் வெட்டுகிற வகுப்பு. ஏழு முப்பது, அவள் அவித்த புட்டு ஏன் கல்லாகிப் போனது. ஒருநாளாவது அட்டவணைப்படி முடியவில்லை. எப்போதும் பிந்தித்தான் ஓடினார். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பிந்தி ஓடுவதில் அவருக்குச் சந்தோசமாக இருந்தது.

ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு. அது சாப்பாட்டோடு திரும்பி வரும்.

மூன்றாவது கிழமை கௌசிக் வாசலில் நின்றார். கையில் குளிர்ப்பெட்டி.

"உங்க பொண்ணு ஆர்டர் பண்ணியிருக்காங்க சார். எலி பிடிக்கலைன்னா காடை பிடிக்கலாமாம். அஞ்சு நாளைக்கு ஒருதரம் முயற்சி பண்ணச் சொன்னாங்க. இளக விட்டதைத் திரும்ப ஃப்ரீசர்ல வைக்காதீங்க, கெட்டுடும்."

இராஜேந்திரன் காடையை வாங்கிக்கொண்டார். இளக விட்டார். எறிவதற்காகக் குப்பைத்தொட்டி வரைக்கும் போனார். தொட்டியின் மூடியைத் திறந்தார். சாப்பாட்டை எறிகிற குடும்பத்தில் அவர் பிறக்கவில்லை. அவருடைய வீட்டில் முதல்நாள் சோறு பழஞ்சோறாகும், புட்டு உப்புமாவாகும், ஒன்றும் ஆகாததை அவரே சாப்பிட்டுவிடுவார். இதை அவர் சாப்பிட ஏலாது. மாஸ்ரருக்கு ஏலும்.

மாஸ்ரர் காடையை இறகோடு விழுங்கினார்.

"அப்பா, காடை?"

"மணந்து பார்த்தது பிள்ளை. பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டுது."

அடுத்த ஐந்தாம் நாள் கோழிக்குஞ்சு வந்தது. பிறகு வேறு இன எலி வந்தது. பிறகு பெரிய காடை. அவள் ஒவ்வொன்றாக அனுப்பினாள். அவர் ஒவ்வொன்றாக இல்லையென்றார். மாஸ்ரர் ஒவ்வொன்றாக ஓமென்றார். இடையில் வழமையான புதன்கிழமை எலியும் இருந்தது. அது அட்டவணை, மாற்ற ஏலாது.

"சார், உங்க வீட்ல ஒரு பாம்புதானே இருக்கு?" என்று ஒருநாள் கௌசிக் கேட்டார்.

"ஓம். ஏன்?"

"இல்ல, நாலு பாம்புக்கு உண்டான சாப்பாடு போயிருக்கு. எதையுமே தொடலைங்கிறீங்க."

"மாஸ்ரருக்கு விருந்தாளியள் வருவினம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் இராஜேந்திரன்.

நவம்பரில் மகள் ஒரு கேமரா அனுப்பினாள். நியூகாசிலில் இருந்தபடியே கூண்டைப் பார்க்கலாமாம். இராஜேந்திரன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். அடுத்த முயற்சிக்கான ஐந்தாம் நாள் வந்தபோது வழி கிடைத்தது. சாப்பாடு கொடுக்கிற நேரத்துக்கு வைஃபையை நிறுத்திவிட்டால் கேமராவுக்குக் கண் தெரியாது. மிச்ச நேரத்துக்குக் கேமராவைத் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம் திருப்பி வைத்தார்.

ஆனால் அதே வைஃபையில்தான் சிவமலரின் நாடகமும் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் பாயசத்தில் நஞ்சைக் கலந்து மருமகளின் கையில் கொடுக்கிற கட்டம். படம் நின்றது. வட்டம் சுற்றியது. ஐந்து நாள் கழித்து, மருமகள் பாயசத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகிற கட்டம். வட்டம் சுற்றியது. சிவமலர் எழும்பினார். இரண்டு மாதமாகக் கால் வைக்காத முன் அறையின் கதவைத் தள்ளித் திறந்தார்.

இராஜேந்திரன் ரவுட்டருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

"சாப்பிடேல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லுறீங்கள்?"

"ஓம்."

"உது என்ன அதின்ர வாயில?"

இராஜேந்திரன் திரும்பிப் பார்த்தார்.

"வால்," என்றார்.

சிவமலர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பாம்பையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தார். பாம்பைப் பார்த்த பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது.

"பிள்ளைக்குச் சொல்லப் போறன்."

"சொல்லாதையும். சொன்னா அவள் எடுக்க மாட்டாள்."

"எனக்கு என்ன தருவீங்கள்?"

"என்ன வேணும்?"

"ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை போன் எனக்கு. நீங்கள் பக்கத்திலயும் நிக்கக் கூடாது."

"பின்னேரம் மட்டும்."

"முழுநாள். இல்லாட்டி இப்பவே எடுக்கிறன்."

"சரி. முழுநாள்."

"நாடக நேரத்தில வைஃபை நிப்பாட்டக் கூடாது."

"சரி."

"இவர் ஏன் இவ்வளவு மொத்தமா, பருத்துப்போய் இருக்கிறார்?" என்றார் சிவமலர். அதுவரை 'அது' என்றுதான் சொல்லிவந்தார். குற்றத்தில் பங்கு கிடைத்ததும் மரியாதையும் வந்துவிட்டது.

அந்தக் கேள்விதான் இராஜேந்திரனின் நெஞ்சில் இருந்தது. மாஸ்ரர் மொத்தம் இல்லை, பூரிப்பு என்று அவர் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார். மகளுக்குச் சொன்ன நிறையோ வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. வந்தபோது ஆயிரத்து ஐந்நூறு கிராம். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சொல்லி, டிசெம்பர் முதல் கிழமை ஆயிரத்து நூறில் கொண்டுவந்து விட்டிருந்தார்.

"ஆயிரத்து நூறா?" என்றாள் மகள்.

"ஓம். எலும்பு தெரியுது."

"அப்பா, நான் சனிக்கிழமை வீட்ட வாறன். கௌசிக் அண்ணாவையும் வரச் சொல்லுறன். தராசோட."

இராஜேந்திரன் போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். மகள் வருகிறாள்! கிறிஸ்மஸ் லீவுக்கு முதலே வருகிறாள்! அந்தச் சந்தோசம் தலைக்கு ஏறி, உச்சியைத் தொட்டபோதுதான் தராசு ஞாபகம் வந்தது. வந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது. பொய் சொன்ன அப்பா. பிறகு பதினொரு விநாடிகூட இராது.

மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை மாஸ்ரருக்கு எலி கிடையாது என்று அறிவித்தார். மாஸ்ரர் கண்ணாடிக்கு வந்து நின்று அவரைப் பார்த்தார். கணக்குப் பாடத்தில் பிழை விட்ட பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வை. வியாழக்கிழமை உடற்பயிற்சி. மாஸ்ரரைத் தூக்கி நடைபாதையில் விட்டார். மாஸ்ரர் இரண்டடி போனார். எழுபத்திரண்டு கேடயங்கள் இருந்த அலுமாரிக்குக் கீழே புகுந்து நித்திரை கொண்டார். வெளியே எடுக்க அலுமாரியைக் காலியாக்க வேண்டிவந்தது. மெலிந்தது இராஜேந்திரன்தான்.

"கடும் நிறம் ஆளை மெல்லிசாக் காட்டும்," என்றார் சிவமலர். "கலியாண வீட்டுக்கு நான் ஏன் கடும்பச்சை உடுக்கிறன் எண்டு நினைச்சீங்கள்?"

உடனே கூண்டின் பின்சுவரெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டப்பட்டது. விளக்கு மங்கலாக்கப்பட்டது. அப்போதும் மாஸ்ரர் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரிபோலவே தெரிந்தார்.

"உள்ளுக்குப் போய் ஒளிஞ்சிருந்தால் ஒண்டும் தெரியாது," என்று கடைசியில் இராஜேந்திரன் ஒரு வழி கண்டார். சனிக்கிழமை காலை மாஸ்ரரைக் குகை வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார். நல்ல பிள்ளையாக மாஸ்ரர் உள்ளே போனார்.

பதினொரு மணிக்குக் கதவு மணி அடித்தது. கௌசிக் தராசோடு நின்றார். இராஜேந்திரன் அவரைக் கையில் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

"தம்பி, நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யோணும். தராசு கொஞ்சம் குறைச்சுக் காட்டுமோ?"

"எவ்வளவு சார்?"

"ஒரு தொள்ளாயிரம் கிராம்."

கௌசிக் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அப்பா!"

ஸ்டேசனிலிருந்து நடந்தே வந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. முதுகில் ஒரு பை. இராஜேந்திரன் அவளைப் பார்த்தார். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் கதைத்த மனிதருக்கு இப்போது ஒரு சொல் வரவில்லை. உள்ளத்தைத் தடவிப் பார்த்ததில் பழையது ஒன்றுதான் அகப்பட்டது.

"சாப்பிட்டியா?"

"ஓம் அப்பா. மாஸ்ரர் எங்க?"

எல்லோரும் முன் அறைக்குப் போனார்கள். சிவமலரும் வந்தார். மங்கல் வெளிச்சத்தில் கூண்டு வெறுமையாகத் தெரிந்தது.

"மெலிஞ்சு போய்க் குகைக்குள்ள படுத்திருக்குது," என்றார் இராஜேந்திரன் மெல்லிய குரலில். "தொந்தரவு செய்யாமல் விடுவம்."

அப்போது குகை நடந்தது.

முதலில் ஒரு அங்குலம். பிறகு ஒரு சாண். குகையின் வாசலில் மாஸ்ரரின் தலை மட்டும் தெரிந்தது. மிச்ச உடம்பு உள்ளே இறுகிக் கிடந்தது. ஆமை ஓட்டைச் சுமந்துகொண்டு வருவதுபோல மாஸ்ரர் குகையைச் சுமந்துகொண்டு தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்குப் போனார். அக்கினி மூலை, வாஸ்து ஒன்றையும் அவர் மதிக்கவில்லை.

"அந்தப் பாத்திரத்தை ஆர் அவருக்குப் போட்டுவிட்டது?" என்றார் சிவமலர்.

கௌசிக் கூண்டைத் திறந்தார். குகையைத் திருப்பி, அமத்தி, நெளித்து, பிரசவம் பார்ப்பதுபோல மாஸ்ரரை வெளியே எடுத்தார். தராசில் வைத்தார். தராசு முனகியது.

"ரெண்டு கிலோவுக்குப் பத்து கிராம் கம்மி," என்றார்.

மாஸ்ரர் தராசிலிருந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தார்.

"எலியைத் திண்டது," என்றார். "காடையைத் திண்டது. கோழிக்குஞ்சையும் திண்டது. நீ அனுப்பின எல்லாத்தையும் திண்டது, பிள்ளை. ஒரு நாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. நான்தான் பொய் சொன்னது."

"ஏன் அப்பா?"

"சாப்பிட்டுது எண்டு சொன்னா, நீ போனை வைச்சிடுவாய்."

ஜதுர்ஷிகா அப்பாவைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். "அம்மா, டீ போடுவம், வாங்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் குசினிக்குப் போனாள். சிவமலர் பின்னால் ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. குழாய் பெரிய சத்தத்தோடு திறந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே வேறொரு சத்தமும் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்குப் பிடிபடவில்லை.

இராஜேந்திரன் மிஞ்சியிருந்த ஒரே கதிரையில் இருந்தார். கௌசிக் மாஸ்ரரைத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டு, கண்ணாடியைச் சாத்தினார்.

"முடிஞ்சுது தம்பி," என்றார் இராஜேந்திரன். "ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தது. இனி எனக்கு எடுக்க மாட்டாள். பழையபடி அம்மாவோடதான் கதைப்பாள்."

கௌசிக் குசினிக் கதவை ஒருமுறை பார்த்தார். தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இராஜேந்திரனின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க சார், ஆனா ஆகஸ்ட்ல உங்க பொண்ணு கடைக்கு வந்து பாம்பே கேக்கலை, 'எங்கப்பா என்கூடப் பேசணும், அதுக்கு ஏதாவது ஒரு பிராணி குடுங்க'ன்னுதான் கேட்டாங்க, நான் முதல்ல கிளியைக் காட்டினேன், 'ஐயோ வேண்டாம், அது பேச ஆரம்பிச்சா எங்கப்பா போனை அதுகிட்ட குடுத்துட்டுப் போயிடுவாரு'ன்னுட்டாங்க."